நான் அமைத்த ஆட்டம் வேறு பெயரில் மேடையேறியது. இதில் எனக்கு என்ன பாத்தியதை?

குடமுருட்டி எழுதியது:

பாபநாசம் பக்கத்தில் பிள்ளைகளுக்கு நாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் காவிரியை வைத்து ஒரு குழு நடனம் அமைத்தேன். பாட்டு, சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் ‘நடந்தாய் வாழி காவேரி’ வருகிற பகுதி. மேட்டூர் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வருகிறது. அங்கே காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நாலாகப் பிரிகிறது. அப்புறம் ஆறு கிளை ஆறாகி, வாய்க்காலாகி, கன்னி வாய்க்காலாகி, வயலுக்குள் போகிறது. இதை அபிநயமாகக் காட்டாமல் பிள்ளைகளின் வரிசையாலேயே காட்டினேன். மேடையின் வலது பின்மூலையிலிருந்து ஒற்றை வரிசையாக வருவார்கள். நடுவில் நாலாகும், நாலு எட்டாகும், கடைசியில் ஆளுக்கு ஒரு இடத்தில் நாற்று நடுகிற குனிவில் நிற்பார்கள். ஷட்டர் திறக்கிற இடத்துக்குக் கண்ட நடையில் (தட்டுக்கு ஐந்து மாத்திரை) ஒரு ஜதி, அதாவது தாளச் சொற்களின் கோவை, நானே கட்டினேன்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது வேறு ஊரில் வகுப்பு நடத்துகிறாள். போன மாதம் ஒரு கோயில் விழாவில் இதே ஆட்டத்தைப் போட்டிருக்கிறாள். அழைப்பிதழில் ‘நடன அமைப்பு’ என்று அவள் பெயர். யாரோ வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினார்கள். வரிசை, திருப்பம், ஜதி எல்லாம் அப்படியே. புடவை நிறம் மட்டும் வேறு.

சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எனக்குக் குழப்பம். பாட்டு இளங்கோவடிகளுடையது. அடவுகள், அதாவது அடிப்படை ஆட்ட அசைவுகள், என் வாத்தியார் சொல்லிக்கொடுத்தவை, அவருக்கு அவர் வாத்தியார். ஆறு கல்லணையில் பிரிவது கரிகாலன் காலத்துச் சமாசாரம். அப்படியென்றால் இதில் நான் செய்தது என்று எதைச் சொல்வது?

வெண்ணாறு_கோட்டம் எழுதியது:

டீச்சர், பிள்ளைகள் ஆடட்டும், விடுங்கள். கானல்வரியை நாலு ஊரில் ஆடினால் நல்லதுதானே. பெயரில் என்ன இருக்கிறது.

தட்டுக்கழி எழுதியது:

‘பெயரில் என்ன இருக்கிறது’ என்று சொல்கிறவர் எந்தத் தொழில் செய்கிறார் என்று தெரியவில்லை. அவர் கட்டிய வீட்டுக்கு வேறு கொத்தனார் பெயர் சொன்னால் சும்மா இருப்பாரா.

நான் நட்டுவனார் (ஆட்டம் கற்றுக்கொடுத்துத் தாளம் பிடிக்கிறவர்) வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் இப்போது யாரும் தாளம் பிடிப்பதில்லை, நான் கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்க்கிறேன். ஆனால் கேட்டு வளர்ந்தது போகாது. தஞ்சை நால்வர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்று நாலு பேர் பெயரும் தெரிந்திருப்பதால்தான் இன்றைக்கு அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசை சரபோஜி காலத்துத் தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்தது என்று சொல்ல முடிகிறது. அவர்களுக்கு முன்னால் எத்தனை பேர் ஜதி கோத்திருப்பார்கள்? ஒருவர் பெயரும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

நட்டுவனார் எப்படி அமைப்பார் என்று பலருக்குத் தெரியாது. தட்டுமனையும் (தாளம் தட்டுகிற கட்டை) கழியுமாக உட்கார்ந்துகொண்டு, எதிரே நிற்கிற பெண்ணின் உடம்பைப் பார்த்துத்தான் தீர்மானம் என்கிற ஜதித் தொடரைக் கட்டுவார். ஒருத்திக்குக் காலில் வேகம் இருக்கும், ஒருத்திக்கு அரைமண்டி (முழங்காலை மடக்கிப் பாதி உட்காருகிற நிலை) அழகாக உட்காரும். ஒரே வர்ணம்தான், பொன்னையாவின் ‘மோகமான’ என்றே வைத்துக்கொள்ளுங்கள், இவளுக்குக் கட்டின தீர்மானத்தை அவளுக்குக் கொடுக்க மாட்டார். ஆகவே ‘இதுதான் அந்த நடனம், இதை மாற்றாதே’ என்ற பேச்சே எங்களிடம் கிடையாது. மாறலாம். ஆனால் யாரிடமிருந்து வந்தது என்று சபையில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் குற்றம்.

தளிச்சேரி எழுதியது:

இந்த இழைக்காகவே என் புனைபெயர் வைத்தாற்போல் இருக்கிறது. இரண்டு தகவல்.

ஒன்று, டீச்சர் எடுத்த சிலப்பதிகாரத்திலேயே அரங்கேற்று காதை இருக்கிறது. பூம்புகாரில் மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் சோழன் முன் ஆடுகிறாள். அவளுக்குத் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும். அவளை ஆட்டுவித்த ஆடலாசிரியனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இளங்கோ அடுக்கிக்கொண்டே போகிறார். இருவகைக் கூத்தின் இலக்கணம், பதினோராடல், பாட்டு, தாளம், எந்தக் கை எங்கே கூட வேண்டும், எங்கே கூடக் கூடாது என்று. அப்புறம் இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை, குழல், யாழ் என்று ஆளாளுக்கு. இவ்வளவு சொன்னவர் அந்த ஆசிரியன் பெயரைச் சொல்லவில்லை.

இரண்டு, தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டு. இராஜராஜன் தளிச்சேரிப் பெண்டுகள் என்கிற கோயில் ஆடல் மகளிர் நானூறு பேரைக் குடியேற்றி, யார் எந்தச் சிறகில் (தெருவரிசையில்) எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்று பெயரோடு வெட்டி வைத்தான். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அதே பட்டியலில் நட்டுவம் செய்கிறவர்களும் பெயரோடு இருக்கிறார்கள், அவர்களுக்குப் பங்கு இரண்டு. ஆக காவியத்தில் விட்டுப்போன பெயரைக் கணக்குப் பிள்ளை விடவில்லை! சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தால் பெயர் ஞாபகம் வந்துவிடும்.

(பெரிய கோயில் மேல்தளத்தில் கரணம் என்ற 108 நடன நிலைகளில் 81 வரைதான் செதுக்கியிருக்கிறார்கள், மீதிக் கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. அந்தச் சிற்பிகளின் பெயர் தனிக் கதை, இங்கே வேண்டாம்.)

அஞ்சு_ஆறு_ஏழு_எட்டு எழுதியது:

திருவாரூர்க்காரன். கோடம்பாக்கத்தில் கொஞ்ச காலம் டான்ஸ் அசிஸ்டெண்டாக இருந்து ஊருக்குத் திரும்பினவன். இப்போது ஸ்கூல் ஆனுவல் டேதான் சோறு போடுகிறது.

சினிமாவில் எப்படி என்று சொல்கிறேன். பாட்டு முழுசாக ஒரு தடவையும் ஆட மாட்டார்கள். பல்லவி ஒரு இடம், பிஜிஎம் ஒரு இடம், சரணம் ஒரு இடம். நாகராவில் (செட்டில் பாட்டு ஓட்டுகிற கருவி) அந்தத் துண்டு மட்டும் ஓடும், மாஸ்டர் எட்டு கவுண்ட் சொல்வார், அசிஸ்டெண்ட் ஹீரோவுக்குச் சொல்லிக்கொடுப்பார், க்ரூப் பின்னால் பிடித்துக்கொள்ளும். மாஸ்டர் ஸ்டெப் மட்டும் கொடுப்பதில்லை. கேமரா எங்கே, எந்தக் கவுண்டில் கட், எந்தக் கவுண்டில் க்ளோஸ் என்பதும் அவர்தான். பாதி நேரம் ஹீரோவுக்கு வராத ஸ்டெப்பைக் கேமராதான் ஆடிக்கொடுக்கும். இது தெரியாமல் சினிமா நடனத்தைத் தாளத்துக்குக் குதிப்பது என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், ஆனால் அது வேறு இழை.

பெயர் விஷயம். 2023-இல் ‘நாட்டு நாட்டு’ பாட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. மேடையேறி வாங்கியவர்கள் இசையமைத்த கீரவாணியும் எழுதிய சந்திரபோஸும். விதிப்படி சரிதான், அது பாட்டுக்கான விருது. ஆனால் உலகம் முழுக்க ஆடியது பிரேம் ரக்ஷித் அமைத்த அந்தக் கால் வீச்சை. ஆஸ்கரில் நடன அமைப்புக்கு என்று ஒரு விருது 1930-களில் மூன்றே வருடம் இருந்தது, அப்புறம் எடுத்துவிட்டார்கள். நம் தேசிய விருதில் அந்தப் பிரிவு இருக்கிறது. ‘மின்சார கனவு’ படத்துக்குப் பிரபுதேவா வாங்கியது எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் டீச்சர், அந்த மாஸ்டருக்குக் கீழேயும் ஆட்கள் இருக்கிறோம். பெயர் சொல்ல வேண்டாம், ஒரு பாட்டில் பேசப்பட்ட தோள் குலுக்கல், க்ரூப்பில் பின்வரிசைப் பையன் டீ பிரேக்கில் விளையாட்டுக்குச் செய்தது. மாஸ்டர் பார்த்தார், ‘அதை வை’ என்றார். அது யாருடையது?

குடமுருட்டி எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி கேட்டுவிட்டு எங்கேயும் போகாதீர்கள். என் ஆட்டத்திலும் அப்படி ஒன்று உண்டு. நாலாகப் பிரியும்போது ஒரு சின்னப் பெண் எப்போதும் தப்பான வரிசையில் ஓடிவிட்டு, திரும்பி ஓடி வந்து சேருவாள். திருத்தித் திருத்திப் பார்த்து, கடைசியில் அதையே வைத்துவிட்டேன். வாய்க்கால் மாறிப் போய்த் திரும்புகிற தண்ணீர் மாதிரி இருந்தது. வீடியோவில் அந்த ஊர்ப் பெண்ணும் சரியாக அதே இடத்தில் தப்பாக ஓடுகிறாள்!

நீடாமங்கலத்தான் எழுதியது:

அக்கா, நீங்கள் இப்போது சொன்னதைப் படித்ததும் பாலன்சீன் ஞாபகம் வந்துவிட்டது. பெர்லினில் இருக்கிறேன், வேலை கம்ப்யூட்டர், பைத்தியம் பாலே. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

ஜார்ஜ் பாலன்சீன் ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா போய் 1934-இல் பள்ளி மாணவிகளை வைத்து ‘செரனேட்’ என்று ஒரு பாலே அமைத்தார். முதல் நாள் வகுப்புக்கு வந்தவர்கள் பதினேழு பேர், அதனால் ஆரம்பக் காட்சி பதினேழு பேருக்கு. ஒரு நாள் ஒரு பெண் தாமதமாக வந்தாள், அது உள்ளே போனது. இன்னொருத்தி விழுந்தாள், அதுவும் உள்ளே போனது. இன்றைக்கும் எந்த நாட்டில் ‘செரனேட்’ ஆடினாலும் ஒருத்தி தாமதமாக வந்து தன் இடத்தைத் தேடுவாள், ஒருத்தி விழுவாள். விழுந்தது அந்தப் பெண், ஆனால் அந்த விழுகையை எங்கே வைப்பது என்று முடிவு செய்தது பாலன்சீன். எட்டு அண்ணன் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். அந்தப் பையனுக்கு ஒரு நன்றி போட்டிருக்கலாம், ஆனால் அமைப்பு ‘அதை வை’ என்றவருடையது.

அடுத்து, அடவு பொதுச் சொத்து என்றால் எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டீர்கள். மாரியஸ் பெட்டிபா 1877-இல் பீட்டர்ஸ்பர்க்கில் அமைத்த ‘லா பயதேர்’ பாலேயில் ஒரு நிழலுலகக் காட்சி வரும். சரிவான மேடையில் வெள்ளை உடைப் பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக இறங்கி வருவார்கள். எல்லாரும் செய்வது ஒரே அசைவு. ஒரு காலைப் பின்னால் நீட்டிச் சாய்ந்து, நிமிர்ந்து, இரண்டு அடி நடப்பது. அந்த அசைவு ஒவ்வொரு பாலே வகுப்பிலும் குழந்தைகள் செய்வது, பெட்டிபா கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அதை அத்தனை தடவை, அந்தச் சரிவில், வளைந்து வளைந்து மேடை நிரம்புகிறவரை நிறுத்தாமல் வைத்தது அவர். அந்தக் காட்சியை வேறு யார் பெயரிலும் போட முடியுமா? உங்கள் ஒற்றை வரிசை நாலாகிறதே, அதுவும் அந்த இனம்தான்.

அந்த பாலேயின் நாயகி ஒரு இந்தியக் கோயில் நடனப் பெண். அவள் ஆடுவதில் நம் ஊர் அடவு ஒன்றும் இல்லை. இத்தனைக்கும் 1838-லேயே திருவந்திபுரத்திலிருந்து அம்மணி முதலான தேவதாசிகள் பாரிஸ் போய் ஆடியிருக்கிறார்கள், தியோஃபில் கோத்தியே என்ற எழுத்தாளர் மயங்கி எழுதியிருக்கிறார். பிறகு அவர் சகுந்தலை கதையை பாலேவுக்கு எழுதினார், 1858-இல் அதை அமைத்தது பெட்டிபாவின் அண்ணன் லூசியன். கதை நம்மிடமிருந்து போயிற்று, கால் வேலை போகவில்லை.

இனிச் சட்டம். லோயி ஃபுல்லர் என்ற பெண் நீளமான பட்டுத்துணியைச் சுழற்றி விளக்கு வெளிச்சத்தில் ஆடுவார். 1892-இல் இன்னொருத்தி அதை அப்படியே ஆட, நியூயார்க்கில் வழக்குப் போட்டார். கதை ஏதும் சொல்லாத வெறும் அசைவுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று தள்ளிவிட்டார்கள். அங்கிருந்து 1952 வரை வாருங்கள். ‘கிஸ் மீ, கேட்’ இசை நாடகத்துக்கு நடனம் அமைத்த ஹான்யா ஹோல்ம், அதை லபான் குறியீட்டில் (அசைவுகளை எழுதும் ஒரு முறை) தாளில் எழுதிப் பதிவு செய்தார். எழுதியதால் கிடைத்தது. அமெரிக்கச் சட்டத்தில் நடன அமைப்பு என்று பெயர் சொல்லிச் சேர்த்தது அதற்கும் பிறகு, 1976 சட்டத்தில்.

மார்த்தா கிரஹாம் கதை இதைவிட மோசம். நவீன நடனத்தின் தாய் என்று கும்பிடுகிறார்கள். 1991-இல் இறந்தபோது எல்லாவற்றையும் ஒரு வாரிசுக்கு எழுதி வைத்தார். அவர் ஆரம்பித்த நடனப் பள்ளிக்கும் வாரிசுக்கும் வழக்கு. 2002-இல் தீர்ப்பு: அவர் அந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு அமைத்தவை, ஆகவே பெரும்பாலானவை நிறுவனத்துக்குச் சொந்தம். தன் நடனத்தைத் தானே உயில் எழுத முடியாமல் போயிற்று.

வாய்தா எழுதியது:

மயிலாடுதுறையில் வக்கீல். இரண்டு நாளாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், இனி அமெரிக்கச் சட்டத்தை விடுங்கள்.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957. அதில் ‘நாடகப் படைப்பு’ என்பதற்குள்ளேயே நடன அமைப்பையும் சேர்த்திருக்கிறார்கள். நிபந்தனை, அது எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகியிருக்க வேண்டும். திரைப்படம் அந்த வரையறையில் சேராது, அதற்குத் தனிப் பிரிவு. இதனால் வெறும் வீடியோ மட்டும் இருந்தால் போதுமா என்று எதிர்த்தரப்பு வாதம் செய்ய இடம் உண்டு. கையால் எழுதிய நோட்டு இருந்தால் அந்த வாயை அடைக்கலாம். பதிவு அலுவலகத்தில் பதிந்தால்தான் உரிமை என்பது இல்லை, படைத்தவுடனே உரிமை வந்துவிடும். ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டும் இருக்கும். தனி அடவுக்கு யாரும் உரிமை கோர முடியாது. அடவுகளைத் தேர்ந்து கோத்த கோப்புக்குக் கோரலாம்.

இப்போது டீச்சருக்குக் கசப்பான பகுதி. 52-ஆவது பிரிவில் விதிவிலக்குகள் இருக்கின்றன. பள்ளியில் ஆசிரியரும் மாணவரும் பெற்றோர் முன்னால் நடத்தினால் மீறல் இல்லை. தொழில்முறை அல்லாத ஒரு குழு, டிக்கெட் இல்லாத சபையிலோ மத நிறுவனத்தின் நன்மைக்காகவோ நடத்தினாலும் மீறல் இல்லை. கோயில் விழா என்கிறீர்கள், டிக்கெட் இருந்திருக்காது. ஃபீஸ் வாங்குகிற வகுப்பு தொழில்முறையா இல்லையா என்று நான் ஐந்து வாய்தா வாதாடலாம், உங்களுக்குப் பிரயோசனம் இல்லை.

ஆனால் 57-ஆவது பிரிவு தனி. படைத்தவர் தன் படைப்புக்குத் தானே ஆசிரியர் என்று உரிமை கோரலாம். பதிப்புரிமையை விற்றுவிட்டாலும் இது போகாது. உங்கள் கேள்வி பணமா பெயரா? பெயர் என்றால் நோட்டீஸ் வேண்டாம், ஒரு ஃபோன் போதும் என்பது என் அபிப்பிராயம். (ஃபீஸ் வேண்டாம், பூம்புகார் பக்கம் ஆடினால் ஒரு நாற்காலி போதும்.)

பம்பை எழுதியது:

நாங்கள் கரகாட்ட செட்டு. நீங்கள் எல்லாம் பேசுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. நாங்கள் சினிமாவிலிருந்து எடுப்போம், சினிமா எங்களிடமிருந்து எடுக்கும். தலையில் கரகத்தோடு ஏணியில் ஏறுவதை முதலில் யார் செய்தார் என்று யாருக்குத் தெரியும். பொய்க்கால் குதிரையும் அப்படித்தான். நல்லதாக ஒன்று செய்தால் அடுத்த திருவிழாவில் பக்கத்து செட்டு செய்யும். நாங்கள் வேறு ஒன்று பிடிப்போம். எங்களுக்குள் தகராறு வருவது அடி எடுத்ததற்காக இல்லை, அட்வான்ஸ் வாங்கின தேதியைப் பறித்துக்கொண்டதற்காக. அந்தப் பெண் உங்கள் புக்கிங்கை எடுத்தாளா? இல்லையே.

தட்டுக்கழி எழுதியது:

பம்பை அண்ணே, உங்கள் செட்டில் ஒருவர் மாதிரி ஒருவர் ஆட மாட்டார், அதனால் அடி போனாலும் ஆள் நிற்பார். நட்டுவனார் பாடு வேறு. அவர் மேடையில் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவர். ஆடுகிறவள்தான் தெரிவாள். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்காக மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இந்த மண்ணில் பட்ட பாடு சின்னதில்லை, அது வரவேண்டிய சட்டம்தான். ஆனால் அதோடு கோயிலை நம்பிய நட்டுவனார் குடும்பங்களுக்கும் பிழைப்பு போயிற்று. அதற்கு முன்பிருந்தே பலர் சென்னைக்கும் பம்பாய்க்கும் போகத் தொடங்கியிருந்தார்கள். திருவிடைமருதூர்க் குடும்பம் பம்பாயில் பள்ளி நடத்தியது. வழுவூர் ராமையா பிள்ளை சென்னைக்குப் போய் குமாரி கமலாவை உருவாக்கினார். 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் கமலா ஆடிய பாரதி பாட்டு நடனங்கள் அவர் அமைத்தவை. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ருக்மிணி தேவி, ராம் கோபால், மிருணாளினி சாராபாய் எல்லாரும் கற்றார்கள். உலகம் பேசுவது அந்த மூன்று பேரை. நல்லவேளையாக பாணிக்கு ஊர்ப் பெயர் நின்றது. இல்லாவிட்டால் பந்தநல்லூரை பஸ் போர்டில் மட்டும் பார்ப்போம்.

நீடாமங்கலத்தான் எழுதியது:

ஒரு நிமிடம். இங்கே எல்லாரும் டீச்சரின் ஆட்டத்தையும் வர்ணத்தையும் ஒரே மாதிரி பேசுகிறோம். வர்ணம் தனி ஆள் ஆடுவது, அதில் மாற்ற இடம் உண்டு. இருபது பேர் பிரிந்து கூடுகிற ஆட்டம் அப்படி இல்லை, ஒருத்தி ஒரு அடி மாறினால் முட்டிக்கொள்வார்கள். குழுவை வைத்து மேடையில் இடம் வரைவது நமக்கு பாலே வழியாக வந்தது என்று நினைக்கிறேன். ருக்மிணி தேவி, அன்னா பாவ்லோவா என்ற ரஷ்ய பாலே நடனக்காரியைப் பார்த்து பாலே கற்றுக்கொண்ட பிறகுதான் பரதத்துக்கு வந்தார். உதய சங்கர் 1923-இல் லண்டனில் பாவ்லோவாவுக்காக இந்தியக் கருப்பொருளில் நடனம் அமைத்துக் கொடுத்தவர். ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ராவின் ‘குற்றாலக் குறவஞ்சி’ நாட்டிய நாடகம் 1944.

தளிச்சேரி எழுதியது:

தம்பி, அங்கேதான் தப்பு. குறவஞ்சி கலாக்ஷேத்ராவில் பிறக்கவில்லை. கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் எழுதிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பெரிய கோயிலில் திருவிழாவில் பல பெண்கள் சேர்ந்து ஆடி வந்தார்கள். மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்திக்கு நடக்கிற பாகவத மேளா நாடகத்தைப் போய்ப் பாருங்கள். பிரகலாத சரித்திரத்தில் இத்தனை பாத்திரங்கள், யார் எப்போது எங்கே நிற்பது என்று தலைமுறையாகக் கட்டியது. ஆண்களே பெண் வேஷம் கட்டி ஆடுவது. எந்த பாலேயைப் பார்த்து அது வந்தது? கும்மியும் கோலாட்டமும் பின்னல் கோலாட்டமும்? கயிறு பின்னிப் பிரிகிற ஆட்டத்தில் ஒருத்தி தப்பினால் மொத்தமும் சிக்கல், அதைவிடக் கறாரான இட அமைப்பு ஏது?

நீடாமங்கலத்தான் எழுதியது:

பின்னல் கோலாட்டம் சரியான அடி சார். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஆட்களையே ஆறாக நிறுத்துவது, பாத்திரமே இல்லாமல் வரிசையே பொருளாவது, அந்த யோசனையில் பாலேவின் சாயல் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அக்கா எங்கே பிடித்தார்களோ.

குடமுருட்டி எழுதியது:

எங்கேயும் பிடிக்கவில்லை தம்பி. நீர்வளத்துறை ஆபீஸ் சுவரில் ஒரு பாசன வரைபடம் இருக்கும், எங்கள் அப்பா அங்கே வேலை. மேட்டூர் மேலே ஒற்றைக் கோடு, கீழே வரவர வேர் மாதிரி பிரியும். அதைப் பார்த்துத்தான். பாலே நான் டிவியில்கூட முழுசாகப் பார்த்ததில்லை. இப்போது அந்த நிழலுலகக் காட்சியை யூடியூபில் பார்த்தேன். மூச்சு நின்றுவிட்டது. ஒரே அசைவுதான், ஆனால் அவசரமே இல்லை. என் பிள்ளைகளை நான் சீக்கிரம் சீக்கிரம் பிரித்துவிடுகிறேன் என்று தோன்றியது.

அப்புறம், அந்தப் பெண்ணிடம் பேசினேன். ‘உங்கள் பெயர் போட்டால் உங்களை அழைக்காமல் போட்டது போல் ஆகிவிடுமோ என்று பயந்தேன் டீச்சர்’ என்றாள். நம்புவதா வேண்டாமா தெரியவில்லை. எப்படியும் மார்கழியில் அவளுக்கு அடுத்த நிகழ்ச்சி. அழைப்பிதழில் என்ன போடச் சொல்வது? அவளும் பிள்ளைகளை மாதக்கணக்கில் பழக்கியிருக்கிறாள், அதையும் மறைக்கக் கூடாது.

நீடாமங்கலத்தான் எழுதியது:

இதற்கு வழி இருக்கிறது. பாலன்சீன் 1983-இல் இறந்ததும் அவர் பாலேக்கள் பல பேருக்குப் பிரிந்து போயின, பிறகு அவற்றைக் கவனிக்க ஒரு அறக்கட்டளை வைத்தார்கள். ஒரு குழு அனுமதி கேட்டால், பாலன்சீனிடம் ஆடிப் பழகியவர் ஒருவரை அனுப்பிப் பயிற்சி கொடுப்பார்கள். நிகழ்ச்சித் தாளில் இரண்டு வரி வரும், அமைப்பு பாலன்சீன், மேடையேற்றம் இன்னார். நீங்களும் ‘நடன அமைப்பு’ என்று உங்கள் பெயர், ‘பயிற்சியும் மேடையேற்றமும்’ என்று அவர் பெயர் போடச் சொல்லுங்கள்.

வாய்தா எழுதியது:

இதுவே நல்ல ஏற்பாடு. வாட்ஸ்அப்பில் அவர் ‘சரி’ என்று போட்டால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு நோட்டு எழுதுங்கள். 1913-இல் பாரிஸில் கலவரம் உண்டாக்கிய நிஜின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ என்ற பாலே ஒரு சில மேடையோடு காணாமல் போனதாமே, நீடாமங்கலத்தார் எனக்குத் தனிமடலில் சொன்னார். யாரோ வருடக்கணக்கில் தேடி 1987-இல்தான் திரும்பக் கட்டினார்களாம். எங்கள் ஆபீஸில் 1930 பட்டா பத்திரம்கூட இருக்கிறது.

குடமுருட்டி எழுதியது:

நோட்டு என்றால் ஜதி, சாகித்தியம் எழுதத் தெரியும். இருபது பேர் நடமாட்டத்தை எப்படி எழுதுவது? லபான் குறியீடு எல்லாம் பார்த்தேன், சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டாற்போல் இருக்கிறது.

அஞ்சு_ஆறு_ஏழு_எட்டு எழுதியது:

அது வேண்டாம் டீச்சர். நான் ஆனுவல் டேக்குச் செய்வதைச் சொல்கிறேன். மேடையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள், நேர்ப்புள்ளிக் கோலம் போல குறுக்கே ஒன்பது, உள்ளே ஐந்து. சபையைப் பார்த்து நிற்கும்போது நடுப்புள்ளி பூஜ்யம், வலது பக்கம் வ1 முதல் வ4, இடது பக்கம் இ1 முதல் இ4. முன்வரிசை அ, பின்வரிசை உ. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் அதையே வரைந்து, ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் (தாளத்தின் ஒரு சுற்று) ஒரு பக்கம். பிள்ளைகளுக்கு நம்பர், பெயர் வேண்டாம், அடுத்த வருடம் வேறு பிள்ளை வரும். போகும் வழியை அம்புக்குறியால் போடுங்கள். இரண்டு அம்பு வெட்டுகிற இடத்தில் யார் முன்னால் போவது என்று ஒரு வட்டம். முக்கால்வாசிக் குழப்பம் அந்த வட்டத்தில்தான் இருக்கிறது. தப்பான வரிசையில் ஓடும் பெண்ணுக்கு சிவப்பு மை, இல்லாவிட்டால் அடுத்த டீச்சர் அதைத் திருத்திவிடுவார்.

தட்டுக்கழி எழுதியது:

ஜதியை வீடியோவை நம்பி விடாதீர்கள். ஆதி தாளத்தில் கண்ட நடை என்றால் ஆவர்த்தனத்துக்கு 40 மாத்திரை. எடுப்பு (தொடங்குகிற இடம்) எங்கே, கார்வை (சொல் இல்லாமல் விடுகிற இடைவெளி) எங்கே, தீர்மானம் எத்தனை தடவை என்று சொல்லுக்குக் கீழே எண் போட்டு எழுதுங்கள். ரெக்கார்டிங்கில் மிருதங்கம் அமுக்கிவிட்டால் கார்வை காதில் விழாது, கேட்டு எழுதுகிறவர் அந்த இடத்தை நிரப்பிவிடுவார். முதல் பக்கத்தில் உங்கள் வாத்தியார் பெயரும் அவர் வாத்தியார் பெயரும் போட்டுவிட்டு உங்கள் பெயரைப் போடுங்கள்.

குடமுருட்டி எழுதியது:

போட்டாயிற்று. ஷட்டர் ஜதியில் எடுப்பு சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) இல்லை, மூன்று மாத்திரை தள்ளி. அந்த வீடியோவில் அவள் பிள்ளைகள் சமத்திலேயே எடுக்கிறார்கள். அதை மட்டும் நான் நேரில் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறேன்.